படத்தின் மறுபக்கம்

நிழற்படம் ஒவ்வொன்றுக்கும் இரு பக்கங்கள் உண்டு. முன்பக்கம் காண்போர் அனைவருக்கும் உரியது. பின்பக்கம் அதனைக் கையில் வைத்திருப்பவருக்கு மாத்திரமே உரியது. பழைய நிழற்படங்களைத் தேடிச் சேர்ப்போரை ஏனையோரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் இயல்பு யாதெனில், படமொன்று கைக்கு வந்ததும் அவர்கள் அதனைத் திருப்பிப் பார்ப்பதாகும்.

மனிதன் விண்வெளிக்குச் செல்லத் தொடங்கிய காலத்து நிழற்படங்களைச் சேகரிப்போரிடத்து இவ்வழக்கம் மேலும் உறுதியாகக் காணப்படும். அத்தகைய சேகரிப்பாளர் ஒருவரின் மேசையை மனக்கண்முன் கொண்டுவருதல் கடினமன்று. உறையிலிருந்து அவர் மெல்ல உருவி எடுக்கும் அச்சுப்படி ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. பளபளப்பான மேற்பரப்பு, சுற்றிலும் வெண்ணிற ஓரம், ஓரத்தின் மேல் இடப்பக்க மூலையிற் சிவப்பு மையில் ஓர் இலக்கம். படத்தில், கீழே நீலக் கடலும் வெண்முகிலும் விரிந்து கிடக்க, பொன்னிறக் கயிறொன்றினாற் பிணைக்கப்பட்ட மனிதர் ஒருவர் வெறுவெளியில் மிதக்கின்றார். 1965 ஜூன் 3ஆம் திகதி ஜெமினி 4 விண்கலத்திலிருந்து வெளிவந்த எட்வேட் வைற் என்பவரே அவர். சேகரிப்பாளர் அவரை ஒரு கணம் நோக்குகின்றார். அடுத்த கணமே படத்தைத் திருப்பி விளக்கின் அருகே சரித்துப் பிடிக்கின்றார். பின்புறத்தில் கொடாக் நிறுவனத்தின் பெயர் வரிவரியாக மங்கலாகத் தெரிகின்றது. அதன்மேல் ஊதா மையிற் பதித்த சிறு குறிப்பு: பயணத்தின் பெயர், திகதி, படத்தில் இருப்பவரின் பெயர். ஒரு மூலையிற் பத்திரிகை அலுவலகம் ஒன்றின் இறப்பர் முத்திரை. அவ்வளவையும் வாசித்து முடித்த பின்னரே அவர் முகத்தில் ஓர் அமைதி தோன்றுகின்றது. படம் அக்காலத்தது என்பது உறுதியாகிவிட்டது.

இதனைப் பார்த்திருக்கும் ஒருவருக்கு வினாவொன்று எழுவது இயல்பே. நாசா நிறுவனத்தின் நிழற்படங்கள் அமெரிக்க அரசின் ஆக்கங்கள். பொதுவாகப் பதிப்புரிமைத் தடை அற்றவை. அப்பலோப் பயணங்களின் மூலப் படச்சுருள்கள் ஹூஸ்ரன் நகரிலுள்ள விண்வெளி நிலையத்தில் உறைகுளிரிற் பேணப்பட்டு வருகின்றன. அவற்றிலிருந்து நுண்ணிய மின்னியற் பிரதிகள் எடுக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான படங்கள் இணையத்தில் எல்லோர்க்கும் பொதுவாக வைக்கப்பட்டன. உலகின் எந்த மூலையிலுள்ள மாணவனும் அவற்றைச் சல்லிக்காசு செலவின்றிக் காணலாம்; சேகரிப்பாளரின் கையிலுள்ள தாளிற் காணக்கூடியதைவிடத் தெளிவாகவே காணலாம். அவ்வாறாயின், ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட, நிறம் மங்கத் தொடங்கிய தாளொன்றை ஒருவர் பெரும்பணம் கொடுத்துப் பெறுவது எதன் பொருட்டு?

வசதி படைத்தோரின் வீண்விருப்பு என்று விடை கூறிவிடுதல் எளிது. அவ்விடையில் உண்மை அறவே இல்லையென்று சாதிக்கவும் இயலாது. ஆயினும் அத்தாள்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு கைமாறின, எவை எஞ்சின, எவை அழிந்தன என்பவற்றை ஆராயுமிடத்து, எளிதான அவ்விடை போதாது என்பது புலனாகும்.

விண்வெளிப் பயணமும் நிழற்படமும் தொடக்கத்திலேயே இணைந்து பிறந்தவை அல்ல. 1961 ஏப்பிரல் 12ஆம் திகதி பூமியை முதன்முதலாகச் சுற்றி வந்த யூரி ககாரினிடம், தாம் கண்டதைப் படம் பிடிப்பதற்குக் கமரா எதுவும் இருக்கவில்லை. மனிதக் கண்ணொன்று அவ்வுயரத்திலிருந்து பூமியைக் கண்ட முதற் காட்சி அவருடைய சொற்களில் மாத்திரமே எஞ்சியுள்ளது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் வொஸ்தொக் 2 கலத்திற் சென்ற கேர்மன் தீத்தோவே, சினிமாக் கமராவொன்றைக் கையிலேந்திப் பூமியைப் படமாக்கிய முதல் மனிதர்.

அமெரிக்கர் நிலையும் இதனினின்று பெரிதும் வேறுபட்டதன்று. 1962 பெப்ரவரி 20ஆம் திகதி பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கரான ஜோன் கிளென், தமது கையில் ஒரு கமரா வேண்டுமென விரும்பினார். திட்டத்தை நடத்தியோர் அதனை அத்தியாவசியமானதாகக் கருதவில்லை. ஈற்றில் அவர் கொண்டு சென்ற கமரா எங்கிருந்து வந்தது? புளொரிடாவின் கொக்கோ பீச் என்னும் ஊரில், பல்பொருளும் விற்கும் மருந்துக்கடையொன்றில் 40 டொலருக்கு வாங்கப்பட்டது. அன்ஸ்கோ ஓட்டோசெற் என்பது அதன் பெயர். பருத்த கையுறை அணிந்த கையினால் இயக்குவதற்கு வசதியாக அதனைத் தலைகீழாக்கி, கைத்துப்பாக்கியின் பிடிபோன்ற பிடியொன்றைப் பொருத்தினர். அதே ஆண்டு ஒக்ரோபரிற் பறந்த வோல்ற்றர் ஷிரா கொண்டு சென்றது சுவீடன் நாட்டு ஹசல்பிளாட் கமரா. அதுவும் ஹூஸ்ரன் நகரக் கமராக் கடையொன்றிலே வாங்கப்பட்டதுதான். தேவையற்ற உறுப்புகள் கழற்றப்பட்டன, ஒளி தெறிக்காதவாறு கறுப்பு வர்ணம் பூசப்பட்டது, அவ்வளவே. பின்னாளிற் சந்திரனுக்குச் சென்ற கமராக்களின் வமிசம் இவ்வாறுதான் தொடங்கிற்று.

கோடிக்கணக்கான டொலர் செலவிற் கட்டப்பட்ட திட்டத்தின் நிழற்பட வரலாறு, தெருவோரக் கடைகளிரண்டிலிருந்து புறப்பட்டமை வெறுமனே சுவையான செய்தி அன்று. எது பேணத்தக்கது என்பதை அவ்வக் காலம் தானே அறிந்துகொள்வதில்லை என்னும் உண்மையை அது காட்டுகின்றது. உயரமும் வேகமும் இதயத் துடிப்பும் எண்களாகக் கவனத்துடன் பதிவுசெய்யப்பட்டன. கண்டவர் கண்ட காட்சியோ, ஒருவரின் விருப்பத்துக்கும் 40 டொலருக்கும் காத்து நின்றது. சேகரிப்பாளருக்கு இதுவே முதற் பாடம்.

ஜெமினிப் பயணங்கள் நிகழ்ந்த 1965, 1966ஆம் ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. படச்சுருள் பூமிக்குத் திரும்பியதும் அது விசேட கவனத்துடன் கழுவப்பட்டது. பிரதிகள் எடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து அச்சிடப்பட்ட படங்கள் பத்திரிகைகளுக்கும், விஞ்ஞானிகளுக்கும், கலங்களைக் கட்டிய நிறுவனங்களுக்கும், திட்டத்திற் பணியாற்றியோருக்கும் சென்றன. கடிதம் எழுதிக் கேட்ட பாடசாலைச் சிறுவர்களுக்கும் இலவசமாக அனுப்பப்பட்டன. இன்று ஏலமேடைகளிற் காணப்படும் அச்சுப்படிகளுட் பல, ஒரு காலத்திற் சிறுவன் ஒருவனின் படுக்கையறைச் சுவரில் ஊசி குத்தப்பட்டிருந்தவை. அல்லது ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரின் மேசை இழுப்பறையிற் பழைய கடிதங்களோடு கிடந்தவை. மூலைகளிற் காணப்படும் ஊசித்துளைகளைக் குறையென்று சிலர் ஒதுக்குவர். ஆனால் அத்துளைகளும் ஒரு சான்றுதான். இப்படம் ஒருவரால் விரும்பப்பட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இவ்வாறு பரவிய படங்களுள் உலகு அறிந்தவை மிகச் சில. சஞ்சிகைகளும் பாடநூல்களும் ஒரு சில படங்களையே திரும்பத் திரும்ப வெளியிட்டன. ஏனையவை ஆராய்ச்சியாளரின் கோப்புகளிலேயே தங்கிவிட்டன. இங்கேதான் ஓரத்திலுள்ள இலக்கங்களின் பயன் வெளிப்படுகின்றது. அப்பலோப் படமொன்றின் இலக்கம் மூன்று பகுதிகளைக் கொண்டது: எந்தப் பயணம், எந்தப் படச்சுருட் பெட்டி, எந்தப் படம். ஏஎஸ்11-40-5903 என்பது அப்பலோ 11 பயணத்தின் 40ஆம் பெட்டியிலுள்ள 5903ஆம் படம் என்று பொருள்படும். தனித்து நோக்கும்போது ஒரு படம் ஒரு காட்சி. இலக்க ஒழுங்கில் அருகருகே வைத்து நோக்கும்போது அது ஒரு மனிதனின் நடை. அவன் எங்கு நின்றான், எப்பக்கம் திரும்பினான், எதனை இரண்டாம் முறை நோக்கினான் என்பவெல்லாம் அங்கே தெரியவரும். மங்கலாகிப்போன படமும் சரிந்துபோன படமும் அவ்வொழுங்கில் தத்தம் இடத்தைப் பெறுகின்றன.

மேலே குறிப்பிட்ட 5903ஆம் படத்தையே எடுத்துக்கொள்ளலாம். சந்திர மண்ணில் நேர்கொண்டு நிற்கும் ஓல்ட்ரினின் உருவம் அது. உலகில் மிகுதியாக மறுபதிப்புச் செய்யப்பட்ட நிழற்படங்களுள் ஒன்று. ஆயின் உலகு கண்ட படம் வேறு, படச்சுருளில் உள்ள படம் வேறு. ஆம்ஸ்ரோங் எடுத்த மூலப்படத்தில் ஓல்ட்ரினின் தலைக்கு மேல் இடம் இல்லை. அவர் முதுகிற் சுமந்த பொதியின் உச்சியிலுள்ள அன்ரெனா வெட்டுண்டு போயுள்ளது. படத்தை வெளியிட்டோர் மேலே கருவானத்தைச் சேர்த்து அதனைச் செம்மைப்படுத்தினர். தீய நோக்கம் எதுவும் அங்கே இல்லை. இருண்ட வானத்தோடு இன்னும் சிறிது இருளைச் சேர்த்தனர், அவ்வளவே. எனினும் இரு வடிவங்களையும் அருகருகே காண்பவர், கைகளுக்குள் அடங்காத கமராவை மார்பிற் பொருத்திக்கொண்டு, நோக்குகண்ணாடி வழியே பார்க்கவும் இயலாது, உத்தேசமாகக் குறிவைத்த ஒரு மனிதனின் சிரமத்தை முதலாவது வடிவத்திலேயே உணர்கின்றார். செம்மைப்படுத்திய படத்தில் அச்சிரமம் மறைந்துவிட்டது.

படமெடுத்தவரைப் பற்றிய இன்னோர் உண்மையும் இங்குத் தோன்றுகின்றது. சந்திரனில் முதற்கால் பதித்தவரின் நிழற்படம் எங்கே? அன்று வெளியே கழிந்த நேரத்திற் பெரும்பகுதியிலும் கமரா ஆம்ஸ்ரோங்கிடமே இருந்தது. ஆகையால் நிழற்படங்களில் தெரிபவர் ஓல்ட்ரின். ஆம்ஸ்ரோங் அவருடைய தலைக்கவசக் கண்ணாடியிற் சிறு பிரதிவிம்பமாக மாத்திரம் நிற்கின்றார். சந்திர மேற்பரப்பில் ஆம்ஸ்ரோங்கின் முழுவுருவைக் காட்டும் நிழற்படம் ஒன்றேனும் இல்லையென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1980களிலேதான், சுற்றுப்புறம் முழுவதையும் காட்டுவதற்கென ஓல்ட்ரின் எடுத்த படவரிசையில், கலத்தின் நிழலில் முதுகு காட்டி நின்று வேலைசெய்யும் உருவம் ஆம்ஸ்ரோங்கே என்பது தெளிவாயிற்று. அப்படம் மறைத்துவைக்கப்பட்டிருந்ததன்று. இலக்கமிடப்பட்டு, வரிசையிற் தன் இடத்திலேயே இருந்தது. பொறுமையோடு அடுத்தடுத்த படங்களை நோக்குவோர் மாத்திரமே இல்லாதிருந்தனர்.

இந்நிலை ஆம்ஸ்ரோங் ஒருவருக்கே நேர்ந்ததும் அன்று. வெறுவெளியில் மிதக்கும் வைற்றை உலகு அறியும். கலத்தினுள் அமர்ந்து அவரைப் படமெடுத்த ஜேம்ஸ் மக்டிவிற்றை நினைப்போர் சிலர். 1969 ஜூலை 21ஆம் திகதி, சந்திரனிலிருந்து மீண்டெழுந்து வரும் கலத்தையும் அதற்கப்பால் உதித்திருக்கும் பூமியையும் மைக்கல் கொலின்ஸ் ஒரே படத்தில் அடக்கினார். அன்று உயிரோடிருந்த மனிதர் எல்லோரும் அப்படத்தினுள் அடங்குவர். கொலின்ஸ் ஒருவர் மாத்திரம் அதற்குப் புறத்தே நின்றார். படத்தின் முன்பக்கத்தில் இடம்பெறாத மனிதனின் பெயர் இருக்கத்தக்க இடம் அதன் பின்பக்கமே. அங்கும் அது எழுதப்படாதுபோனால் அவன் எங்கும் இல்லாதவனாகின்றான்.

1968 டிசம்பர் 24ஆம் திகதி அப்பலோ 8 கலத்திலிருந்து எடுக்கப்பட்ட பூமியுதயப் படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். சந்திரனின் விளிம்புக்கு மேல் பூமி எழும் காட்சியைக் கண்ட வில்லியம் அன்டர்ஸ், வண்ணச்சுருளைத் தரும்படி ஜேம்ஸ் லவலை அவசரப்படுத்தி அப்படத்தை எடுத்தார். ஆயினும் அதனை எடுத்தவர் கலத்தின் தலைவரான பிராங்க் போர்மனே என்று பல காலம் எழுதப்பட்டு வந்தது. கலத்தினுள் நிகழ்ந்த உரையாடலின் ஒலிப்பதிவை எழுத்தோடும் படங்களோடும் ஒப்பிட்ட பின்னரே ஐயம் நீங்கிற்று. அத்துடன், அன்டர்ஸ் நோக்கியவாறு சந்திரனின் விளிம்பு படத்தின் ஒருபுறத்தில் நிமிர்ந்து நிற்க, பூமி அதன் பக்கத்தில் இருந்தது. பத்திரிகைகள் படத்தைச் சரித்து, நிலத்தின் மேல் ஞாயிறு உதிப்பதுபோற் காட்டின. பூமியில் வாழ்வோருக்குப் பழக்கமான காட்சியாக அது மாற்றப்பட்டது. அக்கலத்திற் சென்ற மூவருள் போர்மன் 2023இலும், அன்டர்ஸ் 2024இலும், லவல் 2025இலும் மறைந்தனர். கேட்டறிவதற்கு இனி அவர்களுள் எவரும் இல்லை. பதிவுகளும் படங்களுமே சாட்சி கூறவேண்டும்.

சாட்சியங்களை மாற்றுவோரின் நோக்கம் எப்போதும் இத்துணைக் குற்றமற்றதாக இருப்பதில்லை. சோவியத் நாட்டின் நிழற்படங்கள் இதனைத் தெளிவாக்குகின்றன. அங்கே படங்களின் வெளியீடு அரசின் இறுகிய கட்டுப்பாட்டில் இருந்தது. 1965 மார்ச் 18ஆம் திகதி விண்வெளியில் முதன்முதல் மிதந்தவர் அலெக்ஸி லியோனோவ். வெற்றிடத்தில் அவரது உடை பருத்து விறைத்தமையால், மார்பிற் பொருத்திய கமராவின் விசையை அவரது கை எட்டவில்லை. கலத்திற்குள் மீண்டபின் வண்ணப் பென்சில்களால் அவர் வரைந்த சூரியோதயச் சித்திரம், விண்வெளியில் வரையப்பட்ட முதற் சித்திரமாகக் கருதப்படுகின்றது. கமரா தவறவிட்டதைக் கை நினைவுகூர்ந்தது. ஆனால் அதே நாட்டில், கமரா உண்மையாகப் பதிவுசெய்ததை இன்னொரு கை அழித்தது.

ககாரினின் பயணத்துக்குப் பின், 1961 மே மாதத்தில், கருங்கடற் கரையிலுள்ள சோச்சி என்னும் ஊரில் விண்வெளி வீரர் குழுவினர் படமொன்றுக்கு அமர்ந்தனர். அவர்களுள் கிரிகோரி நெல்யூபோவ் என்னும் இளைஞரும் ஒருவர்; ககாரின், தீத்தோவ் ஆகியோருக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டவர். 1963இல், இராணுவக் காவலரோடு ஏற்பட்ட தகராறு ஒன்றின் விளைவாக அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் வெளிவந்த படத்தில் அவர் நின்ற இடம் வெறுமையாயிருந்தது. தூரிகைகொண்டு அவர் உருவத்தைப் பின்னணியோடு கலந்துவிட்டனர். விண்வெளிக்குச் செல்லாமலே, 1966இல், புகைவண்டி மோதி அவர் இறந்தார்.

இதனை உலகு எவ்வாறு அறிந்தது? அரசகோப்பு எதுவும் திறக்கப்படவில்லை. ஜேம்ஸ் ஓபேர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களிற் சோவியத் நூல்களைத் தேடிச் சேர்த்தவர். ஒரே படத்தின் இரு வடிவங்கள் வெவ்வேறு நூல்களில் இருப்பதை அவர் கண்டார். ஒன்றில் ஒரு மனிதர் கூடுதலாக இருந்தார். அழித்தவர்கள் எல்லாப் பிரதிகளையும் அழிக்கவில்லை, அழிக்கவும் இயலாது. அச்சேறிய தாள் பல கைகளுக்குப் பிரிந்து சென்றுவிட்டதனால் உண்மை தப்பிற்று. ஆயினும் பெயரறியா அம்முகத்தைப் பற்றி, விண்வெளியில் மாண்டு மறைக்கப்பட்டவர் என்பன போன்ற வதந்திகள் மேலைநாடுகளில் உலவின. நெல்யூபோவின் வரலாறும், ககாரினின் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் பயிற்சி அறையில் ஏற்பட்ட தீயில் உயிர்நீத்த வலன்ரின் பொண்டரென்கோவின் வரலாறும் 1986இலேயே சோவியத் பத்திரிகையில் வெளிவந்தன. ஒரு தகராற்றை மறைக்கப் புகுந்தவர்கள் ஒரு மரணப் பொய்க்கு வழிதிறந்துவிட்டனர்.

அழிப்பு என்றதும் கொடுங்கோல் ஒன்றையே காரணமாகக் காட்டுதல் நேர்மையாகாது. சுதந்திரத்தைப் பேசிய மறுபக்கத்திலும் அழிவு நிகழ்ந்தது. அங்கே அதற்குக் காரணம் சிக்கனமும் கவனயீனமும். ஆம்ஸ்ரோங் சந்திரனில் இறங்கிய தொலைக்காட்சிச் சமிக்ஞைகளைத் தரைநிலையங்கள் அவற்றின் மூல வடிவிலேயே காந்த நாடாக்களிற் பதிவுசெய்திருந்தன. உலகத்தார் வீடுகளிற் கண்டதைவிட அவை தெளிவானவை. நாடாக்களுக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில் அவையும் அழிக்கப்பட்டு வேறு தேவைக்கு மீளப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசா அறிவித்தது. எவரும் எதனையும் மறைக்க நினைக்கவில்லை. பெட்டியின்மேல் எழுதியிருந்ததை நின்று வாசிக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை, அவ்வளவே. அதேவேளை, அவுஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிறீக் நிலையத்திற் பணியாற்றிய ஒருவர் தமது சிறிய வீட்டுச் சினிமாக் கமராவினால் நிலையத்தின் திரையைப் படமெடுத்து வைத்திருந்தார். ஒரு தனிமனிதனின் ஆர்வத்தினாற் பிறந்த அச்சுருள் இன்று மதிப்புக்குரிய ஆவணமாக விளங்குகின்றது.

இதனினும் வியப்பானது லூனார் ஓர்பிற்றர் நாடாக்களின் கதை. மனிதர் இறங்கத்தக்க இடம் தேடி 1966, 1967ஆம் ஆண்டுகளில் ஆளில்லாக் கலங்கள் ஐந்து சந்திரனைச் சுற்றிப் படமெடுத்தன. 1966 ஓகஸ்ற் 23ஆம் திகதி அவற்றுள் முதலாவது கலம், சந்திர விளிம்பின் அருகே பூமியையும் படம்பிடித்தது. நாடாக்களைக் கழித்துவிடுவதா என்ற பேச்சு வந்தபோது, நான்சி எவன்ஸ் என்னும் அலுவலர் அதற்கு இணங்கவில்லை. அவற்றை இயக்கவல்ல பழைய இயந்திரங்களை அரசு கழித்தபோது அவற்றைத் தமது வீட்டு வளவிற் கொண்டுவந்து ஆண்டுக்கணக்கிற் பாதுகாத்தார். 2008ஆம் ஆண்டளவில் ஆர்வலர் சிலர், கலிபோர்னியாவிலுள்ள நாசா ஆய்வு நிலைய வளவில், மூடப்பட்டுக் கிடந்த மக்டொனால்ட்ஸ் உணவகக் கட்டடத்தில் அவ்வியந்திரங்களைத் திருத்தி இயக்கினர். 1966இல் உலகு மங்கலாகக் கண்ட பூமியின் படம் அன்று தெளிவோடு மீண்டது. அமைப்பொன்று வேண்டாமென்றதைத் தனியொருவர் வேண்டுமென்றார் என்பதே இக்கதையின் சாரம்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இவையெல்லாம் விடை தருகின்றன. இணையத்தில் எல்லோர்க்கும் பொதுவாயுள்ள படம், இன்று பேணப்படும் மூலத்தின் பிரதி. அது நல்லதே, அதற்கு நன்றி பாராட்டவேண்டும். ஆயின் அது ஓரிடத்திலிருந்து வருவது. அவ்விடத்தின் கவனத்தையும் நேர்மையையும் நம்பியிருப்பது. சேகரிப்பாளரின் கையிலுள்ள தாள், அந்நாளில் வெளியிடப்பட்டது எது, எவ்வடிவில், எக்குறிப்போடு, யார் கைக்கு என்பவற்றைக் கூறுவது. முன்னையது நிகழ்ந்ததைக் காட்டும். பின்னையது நிகழ்ந்ததாகக் கூறப்பட்டதைக் காட்டும். வரலாற்று மாணவனுக்கு இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலேயே பல வேளைகளில் வரலாறு தங்கியுள்ளது.

இவ்வளவு கூறியபின், சேகரிப்போரின் குறைகளையும் கூறாது விடுதல் நடுநிலையாகாது. இலவசமாக வழங்கப்பட்ட தாள்கள் இன்று விலையேறிவிட்டன. 2015இல் இலண்டனிலும், 2020இல் கிறிஸ்ரிஸ் நிறுவனத்தின் வழியாகவும் இத்தகைய நிழற்படங்களின் பேரேலங்கள் நடைபெற்றன. பின்னையதில் ஒருவர் தேடிச் சேர்த்த ஏறத்தாழ 2,400 படங்கள் 700 தொகுதிகளாக விற்பனைக்கு வந்தன. பல ஆண்டுகளாக ஒருங்கிணைந்த வரிசை சில நாட்களிற் பல வீடுகளுக்குப் பிரிந்துபோகும் விந்தை இது. விலை ஏற ஏறப் போலிகளும் பிற்கால அச்சுகளும் பழையவை என்ற பெயரில் உலவத் தொடங்கும். படத்தைப் பாராது விலையையே பார்க்கும் கண்ணும் தோன்றும். ஆம்ஸ்ரோங் எடுத்ததென்றால் ஒரு விலை, பிறர் எடுத்ததென்றால் வேறு விலை என்று தரம்பிரிக்கும்போது, வரிசையின் நடுவே கிடக்கும் எளிய படம் மறுபடியும் ஒதுக்கப்படுகின்றது. அரசின் அலட்சியத்திலிருந்து தப்பிய தாள் சந்தையின் அலட்சியத்துக்கு இரையாகலாம். இரும்புப் பெட்டியிற் பூட்டி எவர்க்கும் காட்டாது வைத்திருப்பவருக்கும் அழித்துவிட்டவருக்கும் ஆராய்ச்சியாளனைப் பொறுத்தவரை அதிக வேறுபாடு இல்லை.

காலமும் தன் பங்கைக் கேட்கின்றது. அக்காலத்து வண்ண அச்சுகளின் சாயங்கள் நிலையானவை அல்ல. வெளிச்சத்தில் வைத்தால் விரைவில் வெளிறும்; இருளில் வைத்தாலும் மெல்ல மெல்ல நிறம் திரியும். நீலக்கடல் சிவந்து, வெண்முகில் பழுப்பேறி, ஒருநாள் வைற்றின் கயிற்றிலுள்ள பொன்னிறமும் மங்கிப்போகும். எனவே, சேகரித்தல் என்பது உடைமையாக்கிக்கொள்ளுதல் என்பதிலும், தேய்ந்து செல்லும் ஒன்றுக்குச் சில காலம் பொறுப்பேற்றல் என்பதே பொருத்தமாகும். அப்பொறுப்பு எங்ஙனம் நிறைவேறும்? குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் வைப்பதனால் ஓரளவு. படியெடுத்துப் பிறர் காணத் தருவதனால் ஓரளவு. அறிந்ததை எழுதிவைப்பதனால் மிகுதி.

மேசையருகே அமர்ந்திருக்கும் சேகரிப்பாளர் படத்தை உறையினுள் வைக்கின்றார். வைக்குமுன் தனித்தாளொன்றை எடுத்துப் பென்சிலால் எழுதுகின்றார்: படத்தின் இலக்கம், யாரிடமிருந்து பெற்றது, அவர் எவ்வாறு பெற்றார், மூலையிலுள்ள துளைகள் எவ்வாறு ஏற்பட்டன. ஒரு கணம் தயங்கி, ஊதா மையில் இல்லாத ஒரு பெயரையும் கடைசி வரியிற் சேர்க்கின்றார்: படமெடுத்தவர், ஜேம்ஸ் மக்டிவிற்.